விற்பது துவக்கா, அச்சமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய றிவோல்வர் ஒன்றை வாங்கச் செல்பவனுக்கு அங்குள்ள வணிகரும் அவரைச் சார்ந்த எழுத்தாளரும் செய்யும் உபதேசம் மிக நீண்டது. எத்தனை கிறெயின் எடையுள்ள சன்னம் ஏற்றது, அதன் முனை குழிந்திருத்தல் வேண்டுமா தட்டையாயிருத்தல் வேண்டுமா, உறை தோலிற் செய்ததா துணியிற் செய்ததா, பிடி மரமா இறப்பரா என்று அது விரிந்துகொண்டே போகும். நோயாளிக்கு மருந்து எழுதும் வைத்தியர்கூட இத்துணை நுணுக்கம் பார்ப்பாரோ என்று ஐயுற வேண்டியிருக்கின்றது. ஆயின் ஒரு கேள்வி மட்டும் அக்கடைகளில் எழுவதேயில்லை. இவ்வளவு ஆராய்ந்து தெரிந்தெடுத்த ரவை ஈற்றில் யாருடைய உடலிற் பாயப் போகின்றது என்பதே அக்கேள்வி.

இது நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நம்மவரின் மக்களும் மருமக்களும் அந்நாட்டிலே மருத்துவராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் வாழ்கின்றனர். இரவு நெடுநேரம் கடை திறந்து வைத்துப் பிழைப்போரும் அவருள் உளர். அந்த உபதேசம் அவர்களுடைய செவியிலும் விழுகின்றது. மேலும், துவக்கு இன்னதென்று அறியாத மக்களல்லர் நாம். பன்றியிடமிருந்து பயிரைக் காக்க ஒரு துவக்கு வைத்திருக்க விரும்பும் இலங்கைக் கமக்காரன், 1916 ஆம் ஆண்டின் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப் பத்திரம் பெற்று, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கக் கச்சேரிப் படி ஏறி இறங்க வேண்டியவன். அப்படிப்பட்டவனுக்கு இந்த அமெரிக்க வாணிகத்தின் கதை விளங்காத கதை அன்று.

வணிகரின் எதிரிகள் கூறுவதை ஒருபுறம் வைப்போம். வணிகருடைய உபதேசத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

1927 இல் கோல்ற் நிறுவனம் துப்பறிவோருக்கென்று ஆறு ரவை கொள்ளும் குறுங்குழல் றிவோல்வர் ஒன்றை வெளியிட்டது. 1950 இல் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் ஐந்து ரவையே கொள்ளும் இன்னுஞ் சிறியதொன்றைச் செய்து, பொலிஸ் தலைவர்கள் கூடிய மாநாடொன்றிற் காட்டி, அத்தலைவர்களின் பெயராலேயே அதனை வழங்கிற்று. இன்று சட்டைப்பைக்கென விற்கப்படும் றிவோல்வர்களிற் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்கள். குழல் இரண்டு அங்குலமும் இல்லை. அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்தவை ஓர் இறாத்தல் எடைக்கும் குறைந்தவை. ஆனால் அதன் விசையை முழுவதும் இழுத்துச் சுடுவதற்கு விரல் கொடுக்க வேண்டிய வலு ஏறக்குறைய பன்னிரண்டு இறாத்தல். தன் எடையைப் போற் பன்னிரண்டு மடங்கு வலுவோடு இழுக்கப்படும் ஒரு பொருள் கையில் அசையாமல் நிற்குமா? நில்லாது. குறி பார்க்கும் மேடும் பள்ளமும் மிகச் சிறியன. ஆகவேதான் பழகிய சுடுநர் யாவரும் ஒரே குரலிற் கூறுகின்றனர்: றிவோல்வர்களுள் வாங்குவதற்கும் சுமப்பதற்கும் இலகுவானது இதுவே, குறி தவறாது சுடுவதற்கு மிகக் கடினமானதும் இதுவே. இந்த வாக்குமூலத்தை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இனி ரவைக்கு வருவோம். முப்பத்தெட்டு ஸ்பெஷல் எனப்படும் ரவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே தோன்றியது. நீண்ட குழலினின்று வெளிப்படும்போது அதற்குள்ள வேகம் குறுங்குழலினின்று வெளிப்படும்போது இல்லை. மருந்து எரிந்து எழுப்பும் வாயு சன்னத்தைத் தள்ளுதற்குப் போதிய தூரம் கிடைப்பதில்லை. குழிமுனைச் சன்னம் உடலிற் பட்டதும் பூப்போல விரிய வேண்டுமாயின் வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் அது விரியாது. துணி குழிக்குள் அடைபட்டாலும் விரியாது. இதனைச் சரிசெய்யக் கூடிய அழுத்தமுள்ள, பிளஸ் பி என்று குறியிட்ட ரவையை வாங்கு என்கின்றனர். சாதாரண ரவைக்குச் சதுர அங்குலத்திற்கு 17,000 இறாத்தல் என வகுத்த உச்ச அழுத்தம் இதற்கு 20,000. ஆனால் அதை அந்த இலேசான துவக்கிலிட்டுச் சுடுபவனின் உள்ளங்கை ஒரு பெட்டி தீர்வதற்குள் நோகும். நோகின்ற கை பயிற்சியை வெறுக்கும். மிக இலேசான துவக்குகளிலோ வேறொரு வினையும் உண்டு. ஒரு ரவை வெடிக்கும் உதைப்பில், உருளைக்குள் எஞ்சியிருக்கும் ரவைகளின் சன்னம் கோதினின்று முன்னே இழுபட்டு, உருளையைச் சுழலவிடாது தடுத்தலும் உண்டாம். உயிர் காக்க வாங்கிய பொருள் இரண்டாம் வெடிக்கு மேல் இரும்புத் துண்டாகிவிடுகின்றது.

ஆகையால் அனுபவசாலிகள் சிலர், வேறு வழி இன்றி, இலக்குப் பலகையில் துளையிடவென்று செய்த 148 கிறெயின் தட்டைமுனை ஈயச் சன்னத்தையே சிறந்ததென்கின்றனர். உதைப்புக் குறைவு, ஊடுருவலும் போதும், விரியவேண்டிய தேவையும் இல்லை. நல்ல யோசனைதான். ஆனால் தட்டைமுனை ரவை உருளைத் துளையின் விளிம்பிலே இடறும். அவசரத்தில் மீள நிரப்புதல் கடினம். ஒரு குறையை நீக்க மற்றொரு குறையை வாங்குவதே இத்தெரிவின் முழு இரகசியமும்.

இந்த விரியும் சன்னத்திற்கு ஒரு பூர்வீகம் உண்டு. அது கீழைத்தேயத்தவராகிய நாம் மறக்கலாகாத பூர்வீகம். 1890 களிலே கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில், பேட்டி-கிளே என்னும் பிரித்தானியப் படை அதிகாரி முனையில் உலோக உறை நீங்கிய சன்னத்தை ஆக்கினார். இந்தியாவின் வடமேற்கு எல்லையிலே வாழ்ந்த மலைக்குடிகள், புதிய சிறு சன்னம் உடலை ஊடுருவிச் சென்ற பின்னரும் முன்னேறி வருகின்றனர் என்பது ஆட்சியாளரின் முறைப்பாடு. 1899 இல் ஹேக் நகரிற் கூடிய மாநாடு, உடலுள் விரியும் சன்னங்களைப் போரிலே பயன்படுத்தலாகாது எனப் பிரகடனம் செய்தபோது, பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆடா எழுந்து எதிர்த்தார். நாகரிக நாட்டுப் போர்வீரன் காயம்பட்டதும் ஒதுங்குவான், காட்டுமிராண்டியோ ஒதுங்கான் என்பது அவர் வாதத்தின் சாரம். அமெரிக்கப் பிரதிநிதியும் எதிர்த்து நின்றார். பிரித்தானியா 1907 இல் இணங்கிற்று. அமெரிக்கா அப்பிரகடனத்தில் ஒருபொழுதும் சேரவில்லை. போர்க்களத்தில் பகைவன்மேல் ஏவத் தகாதது எனப் பெரும்பாலான நாடுகள் ஒதுக்கிய ஒன்று, இன்று அமெரிக்கக் கடையிலே பளபளக்கும் பெட்டியில் இருபது இருபதாய் அடுக்கி விற்கப்படுகின்றது. அம்மாநிலங்களுள் நியூ ஜேர்சி மட்டுமே சாதாரண குடிமகன் அதனை வெளியே சுமந்து திரிவதைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தி வந்தது குறிப்பிடத்தக்கது.

நீதியோடு பேசுமிடத்து, மறுபக்கத்தையும் கூறவே வேண்டும். உறையிட்ட சன்னம் ஒருவனை ஊடுருவிப் பின்னாலே நிற்கும் வழிப்போக்கனையும் கொல்லும். அவ்வாறு நேர்ந்ததைக் காட்டியே நியூயோர்க் நகரப் பொலிஸ் 1998 இல் குழிமுனைச் சன்னத்திற்கு மாறிற்று. அக்காரணம் பொய்யன்று. ஆனால் ஆண்டுதோறும் பயிற்சி பெறும் பொலிஸ்காரனுக்குச் சொன்ன காரணத்தை, துவக்கை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டுப் போகும் குடிமகனுக்கும் பொருந்துமென விளம்பரம் செய்வது வேறு சங்கதி.

விளம்பரத்தில் ஜெலற்றின் பாளத்தின் படத்தையும் காணலாம். 1986 ஏப்ரல் 11 ஆம் நாள் மயாமியிலே கொள்ளையர் இருவரோடு நடந்த சண்டையில் மத்திய புலனாய்வுப் பணியகத்தைச் சேர்ந்த இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையன் ஒருவனின் உடலிற் பாய்ந்த சன்னம் இதயத்தை எட்டாது நின்றுவிட்டது. அதன் பின்னர் அப்பணியகம், சன்னம் ஜெலற்றினில் குறைந்தது பன்னிரண்டு அங்குலம் செல்ல வேண்டுமென விதித்தது. விதி பணியகத்தின் தேவைக்கு எழுந்தது. வணிகர் அதனைத் தம் விற்பனைப் பத்திரமாக்கிக் கொண்டனர். ஜெலற்றின் பாளம் ஓடுவதில்லை, இருளில் நிற்பதில்லை, கதவைத் தட்டிவிட்டு 'நான்தான் அப்பா' என்று சொல்வதுமில்லை.

ரவைத் தெரிவின் உச்சத்தை அறிய விரும்புவோர் 1981 மார்ச் 30 ஆம் நாளை நினைத்தாற் போதும். ஜோன் ஹிங்க்லி என்பவன் வாஷிங்ரனிலே ஜனாதிபதி றீகனை நோக்கி ஆறு வெடி வைத்தான். இரண்டு வினாடியும் செல்லவில்லை. கையிலிருந்தது அடகுக்கடையில் ஐம்பது டொலருக்கும் குறைவாக வாங்கிய மலிவான சிறு றிவோல்வர். 1968 இல் றொபேட் கெனடி சிறு றிவோல்வர் ஒன்றினாற் கொலையுண்ட ஆண்டிலேயே அமெரிக்கா மலிவான சிறு கைத்துவக்குகளின் இறக்குமதியைத் தடுத்தது. தடுத்தும் என்ன? ஜேர்மனியிலிருந்து உறுப்புக்களை இறக்கி மயாமியில் பூட்டி விற்றனர். ஹிங்க்லியின் துவக்கு அவ்வாறு வந்ததே. அதில் அவன் இட்டவை, பட்ட இடத்தில் வெடிக்கும் என்று விளம்பரப்படுத்தி விற்கப்பட்ட விசேட ரவைகள். ஆறில் ஒன்றே எண்ணியவாறு வெடித்தது. அது ஜனாதிபதியின் பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிறேடியின் தலையில். அவர் 2014 இல் இறக்கும்வரை, முப்பத்து மூன்று ஆண்டுகள், அந்த ஒரு ரவையைச் சுமந்தார். அந்த ரவையையும் யாரோ ஒருவர் சிறந்த தெரிவு என்றே விற்றிருப்பார்.

உபகரணங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உறை விசையை முற்றாக மூடுதல் வேண்டும், அதே பையில் திறப்போ நாணயமோ இருத்தலாகாது, இறப்பர்ப் பிடி துணியில் ஒட்டி இழுபடும் ஆதலால் மரப்பிடி நன்று என்பன உண்மையிலே பயனுள்ள அறிவுரைகள். விசையிற் பொருள் சிக்கித் தன் தொடையிலே சுட்டுக்கொள்வதைத் தவிர்ப்பன. ரவைகளை வரிசையாய்ப் பற்றிய இறப்பர்ப் பட்டி, ஐந்தையும் ஒருமிக்க இடும் வட்டக் கருவி, செங்கதிர் காட்டும் பிடி ஆகியவை விலையை ஏற்றுவன. இவையனைத்தின் நோக்கமும் ஒன்றே: அருகில் நிற்பவனுக்குத் தெரியாதிருத்தல். தெரியாதிருத்தல் நல்லவனுக்கு மட்டும் உதவும் என்று எண்ணுவோர், 1959 செப்டெம்பர் 25 ஆம் நாள் றொஸ்மீட் பிளேசிலே பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்ட றிவோல்வர் காவியுடைக்குள் மறைந்து வந்ததென்பதை மறந்தவராவர்.

இப்பொழுது முன்னர் நினைவில் இருத்தச் சொன்ன வாக்குமூலத்திற்கு வருவோம். சுடுவதற்கு மிகக் கடினமான துவக்கு இது, இடையறாப் பயிற்சி இன்றிப் பயனில்லை என்று விற்போரே கூறுகின்றனர். அவ்வாறாயின் சட்டம் பயிற்சியைக் கேட்க வேண்டுமன்றோ? நடந்தது தலைகீழ். ரெக்சாசிலே கைத்துவக்கை மறைத்துச் சுமக்க அனுமதி வேண்டுவோர் வகுப்பிலிருந்து கற்று, சுட்டும் காட்ட வேண்டுமென்ற விதி இருந்தது. 2021 செப்டெம்பர் முதல் அனுமதியே வேண்டியதில்லை என்றாயிற்று. 2023 யூலையில் புளோரிடா அதே வழியிற் சென்றது. 2024 முடிவில் ஐம்பது மாநிலங்களுள் 29 இவ்வாறு அனுமதியின்றிச் சுமக்க விட்டிருந்தன. 2022 யூன் 23 ஆம் நாள் அந்நாட்டு உயர் நீதிமன்றம், 1913 முதல் நியூயோர்க்கில் நிலவி வந்த, தகுந்த காரணம் காட்டினாலன்றி அனுமதி இல்லை என்ற விதியையும் அடித்து வீழ்த்திற்று. பயிற்சி வேண்டும் என்று கடையில் உபதேசம் செய்யும் அதே வாணிகத்தின் ஆதரவாளர், சட்டசபையில் பயிற்சி வேண்டாம் என்று வாதாடுகின்றனர். இதில் எந்த வாய் உண்மை பேசுகின்றது?

அச்சட்டங்களின் வினோதம் இன்னும் உண்டு. அங்கே 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு, பாண் வாட்டும் கருவியையும் பிள்ளையின் பொம்மையையும் ஆபத்தானவை எனக் கண்டாற் சந்தையினின்று மீளப்பெறச் செய்யும். துவக்கும் ரவையும் மட்டும் அதன் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டவை. 2023 ஒக்டோபரிலே, கைரேகையாற் திறக்கும் துவக்குப் பெட்டிகள் 61,000 அளவில் மீளப்பெறப்பட்டன. பூட்டு யார் விரலுக்கும் திறந்தது, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். பெட்டியை மீளப்பெறலாம். அதனுள் இருந்ததை ஆணைக்குழு தொடவும் முடியாது.

சரி, ரவை யார்மேற் பாய்கின்றது? 2022 இல் அமெரிக்காவிலே சுடுபடைக்கலத்தால் இறந்தோர் 48,204 பேர். அவருள் 27,032 பேர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள். கொலையுண்டோர் 19,651. இருளில் பதுங்கி வரும் அந்நியனைக் காட்டி விற்கப்படும் பொருளால் மாள்வோரிற் பாதிக்கு மேற்பட்டோர், அந்நியன் எவனும் வராத வீட்டிலே, ஒரு தீய வேளையில் மாள்கின்றனர். கலிபோர்ணியாவில் இருபத்தாறு மில்லியன் மக்களைப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகத் தொடர்ந்து ஆராய்ந்து 2020 இல் வெளியிட்ட ஆய்வொன்று, கைத்துவக்கு உடைய ஆண்கள் அது இல்லாத ஆண்களைவிட ஏறக்குறைய எட்டு மடங்கும், பெண்கள் முப்பத்தைந்து மடங்கும் இவ்வாறு துவக்கினால் தம்மை மாய்க்கும் அபாயத்தில் இருப்பதாகக் கண்டது. தற்காப்புக்கென்று பெண்களை நோக்கியே இச்சிறு றிவோல்வர் சிறப்பாக விளம்பரப்படுத்தப்படுகின்றது என்பதை இங்கே சேர்த்து நோக்குக.

மனம் உடைந்தவன் எப்படியும் சாவான், கருவியைக் குறை கூறிப் பயனென்ன என்பர். இந்த வாதத்திற்கு விடை கூற நம்மைவிடத் தகுதியுடையார் இலர். இந்த நாட்டின் கமக்காரனுக்கு அது நன்கு தெரியும். 1995 அளவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களுள் ஒன்று இலங்கையினுடையது. வீட்டு மூலையிலே, கைக்கெட்டும் தூரத்தில், போத்தலில் இருந்தது பயிருக்கு அடிக்கும் நஞ்சு. 1995 இல் அதிகொடிய பூச்சிநாசினிகளையும் 1998 இல் எண்டோசல்பானையும் அரசு தடுத்தது. துயரம் குறைந்துவிடவில்லை; போர் நடந்தது, வறுமை இருந்தது. ஆயினும் 2005 ஆகும்போது தற்கொலை வீதம் ஏறக்குறைய அரைவாசியாயிற்று. கொடிய வேளை வந்து போகும். அந்த வேளையிலே கைக்கு எட்டுவது எது என்பதே உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்கின்றது. துவக்கைத் தன்மேல் திருப்பினோருட் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

உண்மையிலே ஆபத்தில் உள்ளவர் இல்லையா? உளர். பிரிந்த கணவனின் மிரட்டலுக்கு அஞ்சி வாழும் பெண் உண்டு. நள்ளிரவிற் பணப்பையோடு வீடு திரும்பும் கடைக்காரன் உண்டு. அவர்களை நோக்கிக் கோழை என்றோ கொலைஞன் என்றோ பேசுவது அறியாமை. அத்தகையவர் ஒருவர் துவக்கே வேண்டுமெனத் துணிந்தால், முதலில் வாங்க வேண்டிய உபகரணம் பூட்டுள்ள இரும்புப் பெட்டி. இரண்டாவது, தட்டைமுனை ஈயச் சன்னங்கள் கொண்ட ரவைப் பெட்டிகள் பல, சுட்டுப் பழகித் தீர்ப்பதற்கு. மூன்றாவது, வீட்டில் எவரேனும் மனம் சோர்ந்திருக்கும் காலத்தில் துவக்கை வெளியே ஒப்படைத்து வைக்கக்கூடிய நம்பிக்கையான ஓரிடம். மசச்சூசெற்ஸ் மாநிலம் பூட்டி வைத்தலை 1998 முதற் சட்டமாகவே வைத்திருக்கின்றது. செங்கதிர்ப் பிடியும் வெடிக்கும் சன்னமும் இவ்வரிசையில் எங்கே வருகின்றன என்று வாசகரே தேடிப் பார்க்கலாம்.

உயர் நீதிமன்றத் தீர்ப்பிற்குப் பின் நியூயோர்க் மாநிலம் புதிய சட்டமொன்றை இயற்றி, 2022 செப்டெம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. மறைத்துச் சுமக்க விரும்புவோர் பதினாறு மணி நேரம் வகுப்பிலும் இரண்டு மணி நேரம் சுடுகளத்திலும் பயிலுதல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. தையற் பொறியைப் பழகவே இதனிலும் நெடிது செல்லும். அச்சட்டம் வந்த மறுகணமே அதன்மேல் வழக்குகள் தொடுக்கப்பட்டன.